சாவி ஜெராக்ஸ் கடையில் தொங்குகிறது

"பதட்டப்படாதீங்க" என்று யாராவது போனில் ஆரம்பித்தால் இன்றைக்கும் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி வாக்கில், என் மனைவியின் தம்பி அப்படித்தான் ஆரம்பித்தான்.

"மாமா, பதட்டப்படாதீங்க. பாப்பா கடையில மயங்கி விழுந்துட்டா. கரண்ட் அடிக்கல. மறுபடியும் சொல்றேன், கரண்ட் அடிக்கல."

இரண்டாம் தடவை சொன்னானே, அதுதான் என்னை நிற்க விடாமல் செய்தது.

எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். நான் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளையில் எழுத்தர். எங்களுக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பு முடித்ததும் அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில், மின்சாரப் பாடத்தில் சேர்ந்தாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கணக்குப்பதிவியல் எடுத்தால் என்னைப் போல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றேன். "அந்த ஃபேன் ஓடலன்னா யாரக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தில் அவளே எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பில், பன்னிரண்டு நாள் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை பழகி, முதலாளியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரச் சொன்னார்கள் பள்ளியில். அந்தத் தாள் இல்லாமல் செய்முறை மதிப்பெண் கிடையாது. அது குறைந்தால் அவள் கேட்டுக்கொண்டிருந்த பாலிடெக்னிக் கிடையாது.

கடலூரில் நானும் அவளும் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினோம். யாரும் முகத்தில் அடித்த மாதிரி பேசவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஒரே பதில்தான்: "பையனா இருந்தா நாளைக்கே அனுப்புங்க சார். பொண்ணுங்கன்னா நம்ம கடை தோதுப்படாது." ஏன் தோதுப்படாது என்று நான் கேட்கவில்லை. எனக்கே ஒரு காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மச்சானிடம் சொன்னேன். அவனுக்குச் சிதம்பரத்தில் கடை. டைல்ஸ், குழாய், வாஷ்பேசின், கழிப்பறைச் சாமான் எல்லாம் விற்கிறான். அந்த வட்டாரத்து வியாபாரிகள் சங்கத்தில் செயலாளரும் அவன்தான். வருஷா வருஷம் பள்ளி திறக்கும்போது சங்கம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும். அதற்கான நோட்டீஸை நான்தான் எழுதிக் கொடுப்பேன். 'கல்விக்குக் கரம் கொடுப்போம்' என்று தலைப்பிட்டு, நல்ல தமிழில் நாலு பத்தி. "மாமா எழுதினாத்தான் எடுப்பா இருக்கு" என்பான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் அவன் பேசினான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற பட்டறை. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்தெல்லாம் விவசாயிகள் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். முதலாளி என் வயதுக்காரர். "அனுப்புங்க. உக்காந்து சுத்துற வேலைதானே" என்றார். அப்படித்தான் என் மகள் தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறி, எட்டரை மணிக்குச் சிதம்பரத்தில் இறங்க ஆரம்பித்தாள்.

முதல் மூன்று நாள் நான் விடுப்புப் போட்டேன். பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பட்டறையில் முதலாளியோடு சேர்த்து ஆறு ஆண்கள். யார் அவள் பக்கத்தில் போகிறார்கள், யார் சிரிக்கிறார்கள், வெறும் காலோடு நிற்கிறாளா, ஈரக் கையோடு பிளக்கைத் தொடுகிறாளா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டேவிட்டார்.

"இன்னா சார், கடைய வெலைக்குக் கேக்கப் போறீங்களா? ரெண்டு நாளா அளந்துகினே இருக்கீங்க."

பட்டறை முதலாளி அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அவரு பொண்ணு அண்ணே நம்ம கடையில. சார், உள்ளயே வந்து உக்காருங்க. காவல் காக்கறது காக்கறீங்க, ஃபேனுக்குக் கீழ உக்காந்து காக்கலாமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் தலை நிமிரவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டே கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறினால் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் நாள் அவள் தண்ணீர் பாட்டில் வீட்டுக்கு முக்கால்வாசி நிறைந்தே வந்தது. என் மனைவி திட்டினாள். மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், பாட்டிலைத் திறந்து ஒரு மரத்தடியில் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள். ஏம்மா என்றேன். "சூடாயிடுச்சுப்பா, வாயில வைக்க முடியல" என்றாள். சரிதானே என்று பட்டது. அன்றைக்கே போய்ச் சூடேறாத பாட்டில் ஒன்று வாங்கினேன். வீட்டு போர் தண்ணீர் பிடிக்கவில்லையோ என்று கேன் தண்ணீர் போட ஏற்பாடு செய்தேன். அதையும் அவள் அந்த மரத்துக்குத்தான் ஊற்றியிருக்கிறாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது நேர்மையாக இருக்காது. அந்த மூன்று நாளும், காலையிலிருந்து டீயாகக் குடித்துக்கொண்டிருந்த நான், இரண்டு மூன்று தடவை எழுந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டு வந்தேன். ஆண்பிள்ளை எழுந்து போனால் எங்கே என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு தடவைகூட எனக்கு அவள் ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமையே வேலைக்குத் திரும்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை போன் வந்ததும் மேனேஜரிடம் என்ன சொன்னேன், பையை எடுத்தேனா, எதுவும் நினைவில் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆலப்பாக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. சீர்த்தட்டுகளை என் மடியில் வைத்தார்கள். புதுச்சத்திரம் வரை ஒரு தட்டு ஆப்பிளைப் பிடித்துக்கொண்டு போனேன். ஆப்பிள்கள் ஆடிக்கொண்டே இருந்தன. "ரோடு மோசம், இல்லங்களா?" என்றார் பக்கத்து அம்மாள். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

கிளினிக்கில் அவள் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ். நெற்றியில், புருவத்துக்கு மேலே, புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். பெஞ்சு முனையில் இடித்ததாம். கண் தப்பியது என்றார்கள். பக்கத்திலேயே இரும்பைத் தேய்க்கிற கிரைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அவள் விழுந்த இடத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது என்று பிறகு நானே போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

டாக்டர் அம்மா நிறையப் பேசவில்லை. உடம்பில் நீரே இல்லை, சிறுநீரில் தொற்று ஆரம்பித்திருக்கிறது, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். பிறகு அவளிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுடைய பையை எடுக்கப் பட்டறைக்குப் போனேன். அடுத்த கடை ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"புள்ள எப்படி இருக்கு சார்?"

"பரவாயில்லம்மா. தண்ணி குடிக்காம இருந்திருக்கா. எவ்வளவு சொல்லியும் கேக்கல."

"குடிச்சா எங்க போவும்?" என்றார் அவர். "காலையில எட்டரைக்கு வந்து சாயந்திரம் அஞ்சரைக்குப் போவுது. இந்தச் சந்துல பொம்பளைங்க போக ஒரு இடம் இருக்கா? பஸ் ஸ்டாண்டுல இருக்கறதுலயும் கால் வைக்க முடியாது. நானே மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் ஒரு வாய் தண்ணி தொடமாட்டேன். பன்னெண்டு வருஷமா. எனக்காவது வீடு பக்கம். அது கடலூர்லருந்து வருது."

பட்டறை முதலாளி இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இருக்கு சார், இல்லாம இல்ல" என்று சொல்லி என்னைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய் ஒரு தகரக் கதவைத் திறந்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் எரிந்த மோட்டார்கள். அடியில் எங்கேயோ ஒரு பீங்கான் விளிம்பு தெரிந்தது. "நாங்க ஆம்பளைங்க... அந்தச் சுவரு பக்கமா போயிடுவோம். பாப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஏற்பாடு பண்ணியிருப்பேனே சார்."

"ஆறு ஆம்பளைங்க நடுவுல யார்கிட்டண்ணே கேக்கும்?" என்றார் ஜெராக்ஸ் கடை அம்மாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் முடிவாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் போக வேண்டாம் என்று. தாள் கிடைக்காவிட்டால் போகட்டும், வேறு படிப்பு இல்லையா. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழுதாள்.

"என் மோட்டார் பாதியில நிக்குதுப்பா. குறிஞ்சிப்பாடிலருந்து ஒருத்தர் கொண்டாந்தது. முதலாளி அண்ணன் அத எங்கிட்டயே குடுத்துட்டாரு. பாதி ஸ்லாட்டுக்குக் கம்பி போட்டுட்டேன். மீதிய வேற யாராவது சுத்திட்டா அது என் வேலை இல்ல."

"விழுந்து கிடந்தியேம்மா."

"நான் வேலையில தப்பு பண்ணி விழலையே."

என் மனைவி கேட்டாள், இதை அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்று. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "சொன்னா அப்பா நிறுத்திடுவாரு. இப்ப நிறுத்தறாரு இல்ல?"

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். டீக்கடை பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்து எதையெதையோ காவல் காத்தவனுக்குப் பயந்துதான் என் பெண் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மச்சான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். "நம்ம கடை ரெண்டு தெரு தள்ளித்தானே பாப்பா? மாமா கடைக்கு வந்திருக்கலாமே" என்றான்.

"வந்தேன் மாமா, முதல் நாளே, அப்பா எழுந்து போயிருந்த நேரத்துல" என்றாள் மகள். "பாத்ரூம் இருக்கான்னு கேட்டேன். 'உள்ள குழாய் ஸ்டாக் வெச்சிருக்கேன் பாப்பா, ரொம்ப அவசரமா?'ன்னு கேட்டீங்க. இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மச்சான் சாதாரணமாக வாய் ஓயாதவன். அன்றைக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலின் லேபிளையே படித்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது வாசலில் என்னிடம் சொன்னான். "ஞாயித்துக்கிழமை காலையில சங்கக் கூட்டம் மாமா. இந்த வருஷம் கல்விக்கு என்ன செய்யறதுன்னு பேசறோம். நோட்டீஸுக்கு நீங்க எப்படியும் வரணும். வந்து இத சொல்லுங்க. நான் சொன்னா என் வாயே எனக்குக் கூசும்."

ஒரு அரிசி மண்டி மாடியில் கூட்டம். முப்பது பேர் இருக்கலாம். முதலில் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் யார் பெயர் போடுவது என்று பேசினார்கள். பிறகு தலைமையாசிரியர்களுக்குப் பொன்னாடையா, கதர்த் துண்டா என்று. பிறகு மச்சான் என்னை எழுப்பிவிட்டான்.

எத்தனையோ மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்குக் கடைகளில் அடிப்படை வசதி வேண்டும் என்றேன்.

"என்ன வசதி சார்? ஏசியா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"இல்லைங்க, இட வசதி."

"உக்கார ஸ்டூல்தானே? போட்டுட்டாப் போச்சு."

"கக்கூஸுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "என் பொண்ணு அஞ்சு நாள் தண்ணி குடிக்காம உங்க ஊர்ல வேலை கத்துக்கிட்டா. அஞ்சாம் நாள் மயங்கி விழுந்துட்டா. மெஷினுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்ததால நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருக்கேன்."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "செயலாளர் கடையில இருபத்தஞ்சு கக்கூஸ் வரிசையா உக்காந்திருக்கே" என்றார்.

"இருக்குப்பா," என்றான் என் மச்சான். "ஒண்ணுலயும் தண்ணி வராது. தண்ணி வர்ற ஒண்ணுல பித்தளைக் குழாய் அடுக்கி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலி பண்றேன். உன் கடையில இருக்கறதுல என்ன அடுக்கியிருக்க?"

"எண்ணெய் டின்னு" என்றார் அவர்.

அப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "என் கடையில பதினாலு பொண்ணுங்க வேலை செய்யுது. அதுங்க எங்க போவுதுன்னு இவ்வளவு நாளா நான் கேட்டதே இல்ல." அதற்குப் பிறகு நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் உடனே மனம் மாறினார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கடைக்குள் ஆள் வந்து போனால் சரக்கு காணாமல் போகும் என்றார்கள் சிலர். யார் கழுவுவது என்றார்கள். அந்தச் சந்தில் இருந்த கடைகளில் நான்குதான் ஒத்துக்கொண்டன. ஆனால் கூட்டத்துக்கு வந்திருந்த பட்டறை முதலாளி, அது முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். நான் கோபம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், வேலையாட்களை வீட்டிலிருந்து வரவழைத்து எரிந்த மோட்டார்களைச் சந்தில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "சார், இந்த மோட்டார் எங்கப்பா காலத்துல வந்தது. வாங்கிட்டுப் போக ஆளே வரல. இதுக்காக அந்தப் புள்ளைய விழ வெச்சேன்" என்றார்.

மச்சான் பிளம்பரைக் கூட்டி வந்து பீங்கானையும் குழாயையும் மாற்றினான். கதவுக்கு உள்தாழ்ப்பாள், வெளியே பூட்டு, ஒரு விளக்கு, மூடி போட்ட குப்பைக்கூடை. கூடையை வைக்கச் சொன்னது ஜெராக்ஸ் கடை அம்மாள். எதற்கு என்று கேட்ட மச்சானை ஒரு பார்வை பார்த்தார், அவன் உடனே போய் வாங்கி வந்தான். வாசலில் ரிப்பன் கட்டி, சங்கத் தலைவரை வைத்து வெட்டலாமா என்றும் கேட்டுப் பார்த்தான்.

"கக்கூஸுக்கு ரிப்பனா?" என்றாள் என் மனைவி போனில். "வேணும்னா நீயே போய் முதல்ல உக்காந்து திறந்து வை."

சாவி எங்கே இருப்பது என்பதில்தான் ஒரு யோசனை தேவைப்பட்டது. பட்டறையிலேயே இருந்தால் மறுபடியும் ஆண்களிடம் கேட்க வேண்டும். கதவு பின்பக்கச் சந்தைப் பார்த்துத் திறக்கிற மாதிரி மாற்றப்பட்டிருந்ததால், சாவியை ஜெராக்ஸ் கடையில் மாட்டிவிடலாம் என்று அந்த அம்மாளே சொன்னார். "யாரும் எங்கிட்ட வாயத் தொறக்க வேணாம். ஆணியில தொங்கும். எடுத்துகினு போகணும், கொண்டாந்து மாட்டணும்."

இவ்வளவும் நடந்த பிறகும் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவள் சட்டைக்கு மேல் வேலைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, இன்னும் இரண்டு நாள் ஓய்வெடுக்கலாமே என்றேன். அவள் கேன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, என் எதிரிலேயே பாதியைக் குடித்துவிட்டு, மறுபடியும் நிரப்பிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். அதற்கு மேல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

விட்டுப்போன நாட்களையும் சேர்த்து அவள் பன்னிரண்டு நாளை முடித்தாள். கடைசி நாளில் அந்தக் குறிஞ்சிப்பாடி விவசாயி மோட்டாரை எடுத்துப்போக வந்தார். நானும் அன்றைக்குப் போயிருந்தேன். முதலாளி வரச் சொல்லியிருந்தார். தொட்டியில் குழாயைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மோட்டார் ஒரு தடவை உறுமிவிட்டுத் தண்ணீரைத் தள்ளியது. விவசாயி, "யாரு சுத்தினது?" என்றார். ஆறு பேரும் அவளைக் காட்டினார்கள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடுத்த போகத்துக்குள்ள எரிஞ்சா உன்னத்தான் தேடி வருவேன்" என்றார்.

"குறைஞ்ச வோல்டேஜ்ல போடாதீங்க, எரியாது" என்றாள் அவள்.

முதலாளி தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை அழுத்தினார். முதல் தடவை மை பதியவில்லை. அவர் முத்திரையை ஊதி ஊதி அழுத்தி முடிக்கும் வரை நான் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் பாலிடெக்னிக்கில் இருக்கிறாள். பட்டறைக்கு இந்த வருஷம் கடலூரிலிருந்து இரண்டு பெண்கள் போகிறார்கள். முதலாளியே பள்ளி ஆசிரியைக்குப் போன் செய்து கேட்டு வாங்கினாராம். கடலூரில் எங்களுக்குத் தோதுப்படாது என்று சொன்ன கடைக்காரர்களில் ஒருவரிடம் நான் திரும்பப் போனேன். அவர் கடைப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினார். அட்டைப் பெட்டிகள். அவர் சொல்லாமல் விட்ட காரணமும், ஆண்கள் நடுவில் பெண் எப்படி என்று நான் நினைத்துக்கொண்ட காரணமும் வேறு வேறு என்று அப்போதுதான் புரிந்தது. பெட்டிகளை இன்னும் அவர் எடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறேன்.

போன வாரம் மச்சான் வழக்கம்போல நோட்டீஸ் கேட்டான். இந்தத் தடவை நாலு பத்தி எழுதவில்லை. எந்தெந்தக் கடையில் எந்தெந்தத் தொழில் பழகலாம் என்று எழுதிவிட்டு, கீழே இப்படி முடித்தேன்: 'பயிற்சிக்கு வரும் மாணவியர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சாவி ஜெராக்ஸ் கடையில் தொங்குகிறது.'

"என்ன மாமா, எடுப்பாவே இல்லையே" என்றான். ஆனால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் மகள் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு உள்ளே போவாள். அவள் போனதும் நான் பையைத் தூக்கிப் பார்ப்பேன். அவளுக்கும் இது தெரியும். நேற்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "காலிதான்ப்பா. நாளைக்குப் பெரிய பாட்டிலா வாங்கிட்டு வாங்க."